0 ஏ.டி. ஆன்லைன் ஆட்டம்: அறை திறப்பது, சேர்வது, நடுவில் அறுந்துபோகாமல் நடத்துவது

0 ஏ.டி. என்ற கணினிப் போர் விளையாட்டில் கெட்டுப்போகும் ஆன்லைன் ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் வீடு கட்டுவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. ஒருவர் பழைய பதிப்போடு வந்து நிற்பார். இன்னொருவருக்கு ‘இணைகிறது’ என்ற செய்தி மாறவே மாறாது. அறை திறந்தவர் கடைசி நேரத்தில் வரைபடத்தை மாற்றிவிட்டு ஏழு பேரையும் மறுபடி காக்கவைப்பார். இவை எல்லாமே ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கினால் தீர்ந்துவிடும் சிக்கல்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

வைல்ட்ஃபயர் கேம்ஸ் குழு உருவாக்கும் இந்த விளையாட்டு இலவசம், திறந்த மூலம். உங்கள் போரை நடத்தித் தர எங்கோ ஒரு பெரிய சர்வர் கிடையாது. அறை திறப்பவரின், அதாவது ஹோஸ்டின், கணினிதான் சர்வர். லாபி என்பது வெறும் அறிவிப்புப் பலகை: யார் அறை திறந்திருக்கிறார்கள், எத்தனை இடம் காலி என்று காட்டும், அரட்டைக்கு இடம் தரும், இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கும். அதற்குப் பிறகு ஆட்டத் தகவல் எல்லாம் ஹோஸ்டின் கணினிக்கும் உங்கள் கணினிக்கும் நடுவே நேராக ஓடுகிறது.

இன்னொன்றும் முக்கியம். ஒவ்வொரு வீரரின் கணினியும் முழுப் போரையும் தானே கணக்கிடுகிறது. இணையத்தில் போவது ‘இந்தப் பத்து ஈட்டிக்காரர்கள் அந்த இடத்துக்கு’ என்பது போன்ற கட்டளைகள் மட்டுமே. எல்லோரும் ஒரே கட்டளையை ஒரே தருணத்தில் செயல்படுத்தினால்தான் எல்லோர் திரையிலும் ஒரே போர் நடக்கும். அதனால் ஒரு கணினி பின்தங்கினாலும் மற்றவை அதற்காக நிற்கின்றன.

இந்த இரண்டு விஷயங்களில் இருந்தே மற்ற எல்லாமும் வருகிறது. ஹோஸ்ட் வெளியேறினால் ஆட்டம் எல்லோருக்கும் முடிந்தது. பொறுப்பு இன்னொருவருக்குத் தானாக மாறாது. அதிவேக இணையம் தேவையில்லை, ஆனால் விட்டுவிட்டு வரும் இணையம் ஆளைக் கொல்லும். எட்டுப் பேரில் மிக மெதுவான கணினி எதுவோ, அதன் வேகம்தான் ஆட்டத்தின் வேகம்.

பதிப்பும் மோடும்

எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ‘கிட்டத்தட்ட ஒன்று’ என்பது இங்கே செல்லாது. உங்கள் பதிப்பு எண்ணை முதன்மை மெனுவிலேயே பார்க்கலாம். விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்கள் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்து இறக்கினால் புதியது கிடைத்துவிடும். லினக்ஸில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்ட்ரோவின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகையின்) தொகுப்பில் இருப்பது ஒன்றிரண்டு வெளியீடு பழையதாக இருப்பது வழக்கம். அப்படியானால் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் வழியாக நிறுவுங்கள். பழையதை நீக்கிவிட்டு நிறுவினால் மெனுவில் எது எது என்ற குழப்பம் வராது.

மோட்களுக்கும், அதாவது விளையாட்டை மாற்றும் கூடுதல் தொகுப்புகளுக்கும், இதே விதிதான். செட்டிங்ஸ் மெனுவில் உள்ள மோட் செலக்‌ஷன் பக்கத்தில் என்னென்ன இயங்குகின்றன என்று தெரியும். ஆட்டத்தின் விதிகளையோ படைகளையோ மாற்றும் மோட் ஒருவரிடம் இருந்து இன்னொருவரிடம் இல்லையென்றால் அறைக்குள்ளேயே விடாது. திரையின் தோற்றத்தை மட்டும் மாற்றும் சில மோட்கள் இந்தச் சரிபார்ப்பில் கணக்கில் சேராதபடி எழுதப்பட்டிருக்கும். ஆனால் எது எந்த வகை என்று உறுதியாகத் தெரியாத வரை, முதல் ஆட்டத்துக்கு எல்லா மோட்களையும் அணைத்துவிட்டு வருவதே நல்லது. நண்பர்களோடு மோட் போட்டு ஆடுவதாக இருந்தால், பெயரை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மோடின் பதிப்பு எண்ணையும், ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் அவற்றின் வரிசையையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே கோப்பை இரண்டு மோட்கள் மாற்றும்போது பின்னால் ஏறுவது முன்னதை மேலெழுதிவிடும். வரிசை மாறினால் விளைவும் மாறும்.

லாபிக் கணக்கு

மல்டிபிளேயர் மெனுவில் கேம் லாபியைத் திறந்தால் புதுக் கணக்கு தொடங்கும் வழி இருக்கும். பெயர், கடவுச்சொல், மறுபடி கடவுச்சொல், அவ்வளவுதான். மின்னஞ்சல் கேட்பதில்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தி மீட்டுக்கொள்ளவும் வழியில்லை என்று இதற்கு அர்த்தம். எங்காவது எழுதி வையுங்கள். உங்கள் திறமையைக் காட்டும் ரேட்டிங் எண் எல்லாம் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. நுழைவதற்கு முன் பயன்பாட்டு விதிகளையும் தனியுரிமைக் கொள்கையையும் திறந்து பார்த்து ஏற்க வேண்டும். அதைச் செய்யாமல் உள்ளே போகும் பொத்தான் வேலை செய்யவில்லையே என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

ஓர் அறையில் சேர்வது

லாபியின் நடுப்பகுதியில் அறைகளின் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அறையின் பெயர், வரைபடம், வரைபட அளவு, வீரர் எண்ணிக்கை என்று பத்திகள் இருக்கும். மேலே உள்ள வடிகட்டிகளில் எதையோ முன்பு தேர்ந்தெடுத்துவிட்டு மறந்திருந்தால் பட்டியல் காலியாகத் தெரியும். ‘யாருமே இல்லை’ என்று மூடிவிடுவதற்கு முன் அவற்றை ஒருமுறை பாருங்கள். மங்கலாகத் தெரியும் அறைகள் உங்கள் பதிப்புக்கோ மோடுக்கோ பொருந்தாதவை. அவற்றை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

அறையைத் தேர்ந்தெடுத்து இரட்டைச் சொடுக்கு போட்டால் போதும். பூட்டிய அறை என்றால் கடவுச்சொல் கேட்கும். உள்ளே போனதும் காலி இடம் இருந்து, ஹோஸ்ட் தடுத்து வைக்கவில்லை என்றால் உங்களைத் தானாக ஓர் இடத்தில் உட்காரவைக்கும். இல்லையென்றால் பார்வையாளராக நிற்பீர்கள். ஆட ஆசைப்பட்டால் அரட்டையில் கேளுங்கள். இடம் ஒதுக்கும் அதிகாரம் ஹோஸ்டிடம் மட்டுமே இருக்கிறது.

அறைக்குள் போனதும் வலப்பக்கம் உள்ள அமைப்புகளை ஒரு நிமிடம் படியுங்கள். மக்கள்தொகை வரம்பு எவ்வளவு, தொடக்க வளம் எவ்வளவு, குழுக்கள் பூட்டப்பட்டிருக்கின்றனவா, ஆட்டம் ரேட்டிங்குக்கு உரியதா என்ற நான்கையும் பார்த்துவிட்டுத் தயார் பொத்தானை அழுத்துங்கள். இந்தப் பொத்தானுக்கு மூன்று நிலைகள் உண்டு: தயாரில்லை, தயார், தொடர்ந்து தயார். வெறும் ‘தயார்’ என்றால் ஹோஸ்ட் எதையாவது மாற்றியதும் அது கலைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். ‘தொடர்ந்து தயார்’ என்றால் கலையாது. நண்பர்களோடு ஆடும்போது அது வசதி. முன்பின் தெரியாதவர் அறையில் அதைப் போடாதீர்கள்; நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வரைபடமும் உங்கள் குழுவும் மாறியிருக்கலாம்.

லாபிப் பேச்சில் ‘டிஜி’ என்றால் குழு ஆட்டம். குழு ஆட்டத்தில் இதுவரை ஆடாதவர் நேராக நான்குக்கு நான்கு அறைக்குள் போனால் கூட வரும் மூவருக்கும் அது கடினம். ஹோஸ்டிடம் ‘புதியவன்’, ‘புதியவள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். குழுக்களைச் சமன்படுத்த அவருக்கு அது தேவையான தகவல், மறைத்தால்தான் சங்கடம்.

அறை திறப்பது: போர்ட்தான் உயிர்

லாபியில் ஹோஸ்ட் கேம் அழுத்தினால் சிறு பெட்டி திறக்கும். அறையின் பெயர், போர்ட் எண் (இணையத் தகவல் கணினிக்குள் நுழையும் வாசலின் எண்), கடவுச்சொல், ஸ்டன் பயன்படுத்தலாமா என்ற கேள்வி இருக்கும். போர்ட் 20595 என்று ஏற்கெனவே நிரம்பியிருக்கும், காரணம் இல்லாமல் மாற்றாதீர்கள். அறையின் பெயரில் செய்தி இருக்கட்டும்: ‘குழு ஆட்டம், 4க்கு 4, புதியவர்களும் வரலாம்’ என்று எழுதிய அறை வேகமாக நிரம்பும். உங்கள் பெயர் மட்டும் உள்ள அறைக்கு யார் வர வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

ஸ்டன் என்பதை எப்போதும் இயக்கியே வையுங்கள். வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு, வெளியுலகில் தன் முகவரி என்னவென்று தெரியாது. வெளியே உள்ள ஒரு சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வருபவருக்குச் சொல்லி, இரு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டி ரௌட்டரில் வழி திறப்பதுதான் ஸ்டன் செய்யும் வேலை. பல வீடுகளில் இது மட்டுமே போதும். ஆனால் சில ரௌட்டர்கள் ஒவ்வொரு வெளி முகவரிக்கும் புதுப் புது போர்ட் எண்ணை ஒதுக்கும். அங்கே ஸ்டன் சொன்ன எண் வேறு, உண்மையில் திறக்கும் எண் வேறு, இணைப்பு கிடைக்காது. சிலர் உள்ளே வருகிறார்கள், சிலரால் வரவே முடியவில்லை என்ற புதிரான நிலை வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது போர்ட் ஃபார்வர்டிங் செய்வதே, அதாவது அந்தப் போர்ட்டுக்கு வரும் தகவலை உங்கள் கணினிக்கே அனுப்பும்படி ரௌட்டரிடம் சொல்லி வைப்பதே, நிலையான வழி.

1. உங்கள் கணினியின் உள் முகவரியை நிலையாக்குங்கள். ரௌட்டர் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். இதைச் செய்யாவிட்டால் கணினியை அணைத்துத் திறந்ததும் முகவரி மாறி, போட்ட விதி இன்னொரு கருவியைக் காட்டிக்கொண்டிருக்கும். ‘நேற்று வேலை செய்தது, இன்று இல்லை’ என்ற புகாருக்கு வழக்கமான காரணம் இதுதான்.

2. ரௌட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் அல்லது வர்ச்சுவல் சர்வர் பக்கத்தில் புது விதி சேருங்கள். வெளிப் போர்ட் 20595, உள் போர்ட் 20595, உள் முகவரி உங்கள் கணினியுடையது, நெறிமுறை யுடிபி. டிசிபி அல்ல. பல ரௌட்டர்கள் டிசிபியைத்தான் முதலில் காட்டும், கவனமாக மாற்றுங்கள்.

3. கணினியின் ஃபயர்வாலில் பைரோஜெனிசிஸ் என்ற நிரலுக்கு அனுமதி கொடுங்கள். அதுதான் இந்த விளையாட்டின் எஞ்சின். ஃபயர்வால் பட்டியலில் விளையாட்டின் பெயரைத் தேடினால் கிடைக்காது. முதல் முறை விண்டோஸ் கேட்டபோது ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் தடை அப்படியே நிற்கும். பிரைவேட், பப்ளிக் இரண்டு வகை நெட்வொர்க்கிலும் அனுமதி உண்டா என்று பாருங்கள்.

திறந்திருக்கிறதா என்று சோதிக்க இணையத்தில் கிடைக்கும் போர்ட் செக்கர் தளங்களை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியை மட்டும் சோதிப்பவை. யுடிபி போர்ட் சரியாகத் திறந்திருந்தாலும் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். நல்ல விதியை அழித்துவிட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதில் ஒரு மாலையே போய்விடும். உங்கள் வீட்டுக்கு உள்ளிருந்தே உங்கள் வெளி முகவரியை அழைத்துப் பார்ப்பதும் பல ரௌட்டர்களில் வேலை செய்யாது. வேறு இணைப்பில் இருக்கும் ஒருவரை அறைக்குள் வரச் சொல்லுங்கள், அதுதான் சோதனை.

எல்லாம் சரியாகச் செய்தும் யாராலும் வர முடியவில்லையா? ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி, என்று ஒன்று இருக்கும். அது 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் உங்கள் ரௌட்டருக்கு மேலே இன்னொரு ரௌட்டர் இருக்கிறது. அந்த இன்னொன்று வீட்டிலேயே இருக்கும் மோடம் என்றால் அதிலும் இதே விதியைப் போடுங்கள், அல்லது அதை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுங்கள். அது இணைய நிறுவனத்தின் பக்கம் இருந்தால், அதாவது ஒரே வெளி முகவரியை அவர்கள் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தால், உங்கள் ரௌட்டரில் என்ன செய்தாலும் பலிக்காது. தனி வெளி முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது கீழே சொல்லும் விபிஎன் (இணையத்தின் மேல் அமைக்கும் தனி நெட்வொர்க்) வழியில் போகலாம்.

இவற்றை எல்லாம் விட எளிய வழி இன்னொருவரை ஹோஸ்ட் செய்யச் சொல்வது. ஹோஸ்டாக இருக்க வேண்டியவர் நன்றாக ஆடுபவர் அல்ல. கேபிள் வழியாக ரௌட்டரோடு இணைந்தவர், ஓரளவு வேகமான கணினி வைத்திருப்பவர், மற்றவர்களுக்கு நடுவாக இருக்கும் இடத்தில் வசிப்பவர், ஆட்டம் முடியும் வரை எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லாதவர்தான் ஹோஸ்ட். நான்காவது தகுதியைக் கேட்டுக்கொள்ளப் பலர் மறந்துவிடுகிறார்கள். தன் நகரம் வீழ்ந்த கோபத்தில் ஹோஸ்ட் ஜன்னலை மூடினால் மற்ற ஏழு பேரின் ஆட்டமும் அதோடு போயிற்று. தோற்ற ஹோஸ்ட் பார்வையாளராக இருந்து, முடியும் வரை அறையைத் திறந்தே வைத்திருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

அமைப்புகள்: எதை எப்படி வைப்பது

முதல் ஆட்டத்துக்குத் தயங்காமல் ‘மெயின்லேண்ட்’ வரைபடத்தை எடுங்கள். ரேண்டம் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், நிலப்பரப்பு எல்லோருக்கும் ஏறக்குறைய சமமாக அமையும். கடல் வரைபடங்கள் அழகானவை. ஆனால் கப்பல் கட்டத் தெரியாத ஒருவர் குழுவில் இருந்தால் அவர் தீவிலேயே தங்கிவிடுவார்.

வரைபட அளவு டைனியில் தொடங்கி ஜயன்ட் வரை ஏழு. ஒருவருக்கு ஒருவர் என்றால் ஸ்மால் போதும். நான்கு பேருக்கு மீடியம் அல்லது நார்மல். பெரிய வரைபடம் என்றால் நல்ல ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். படை எதிரியின் ஊரைச் சென்று சேரவே நேரம் ஓடிவிடும், கணினிக்கும் வழி தேடும் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

தொடக்க வளம் ‘லோ’ என்றால் ஒவ்வொன்றிலும் 300. பழகிய வீரர்கள் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். முதல் சில நிமிடங்களின் கட்டுக்கோப்பு ஆட்டத்தைத் தீர்மானிப்பது இதில்தான் தெளிவாகத் தெரியும். புதியவர்கள் 500இல் தொடங்கினால் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

மக்கள்தொகை வரம்பில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஒருவருக்கு 200 என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 1,600 உயிர்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கும், வெட்டும், சண்டையிடும். அத்தனையையும் ஒவ்வொரு கணினியும் கணக்கிட வேண்டும். 15ஆம் நிமிடம் வரை வழுக்கிக்கொண்டு போன ஆட்டம், இரு பெரும்படைகள் மோதும் அந்த நேரத்தில் படம் படமாக நகர்ந்தால் காரணம் இணையம் அல்ல, இந்த எண்தான். பழைய மடிக்கணினிகள் இருக்கும் எட்டுப் பேர் அறையில் 150க்கு மேல் வைக்காதீர்கள், 100 கூட நல்ல ஆட்டம் தரும். இருவர் ஆட்டத்தில் 200 பிரச்சினையே இல்லை.

வெற்றி நிபந்தனை ‘கான்க்வெஸ்ட்’ என்றால் எதிரியின் படைகள், கட்டடங்கள் இரண்டையும் முழுக்க ஒழிக்க வேண்டும். தோற்றுப்போனவர் சரணடையாமல் காட்டு மூலையில் ஒரே ஒரு ஆளை ஒளித்து வைத்தால் தேடித் திரிய வேண்டிவரும். படைகளை மட்டும், அல்லது கட்டடங்களை மட்டும் ஒழித்தால் போதும் என்ற வகைகளும் உண்டு. வொண்டர், ரெலிக், ரெஜிசைட் என்ற மற்ற வெற்றி நிபந்தனைகள் எல்லாம் சுவையானவைதான். ஆனால் அறையில் உள்ள எல்லோருக்கும் விதி தெரியும் என்று உறுதியான பிறகு போடுங்கள்.

குழு ஆட்டத்தில் ‘லாக் டீம்ஸ்’ இயங்கட்டும். அணைத்து வைத்தால் நடுவில் கூட்டணி மாறலாம். அது வேறு வகை ஆட்டம். அதை விரும்பி வந்தவர்களிடம் மட்டுமே வையுங்கள். சீட்ஸ் (ஏமாற்றுக் குறியீடுகள்) அணைந்திருக்கட்டும். புதையல்கள் சிலருக்குப் பக்கத்திலும் சிலருக்கு எட்டாமலும் விழும், எனவே போட்டி ஆட்டத்தில் அணைப்பதே நியாயம். ‘நோமட்’ தேர்வாகியிருந்தால் யாருக்கும் ஊர் மையம் இல்லாமல் ஆட்டம் தொடங்கும். தெரியாமல் அது இயங்கிப்போய், ‘என் ஊர் எங்கே’ என்று எல்லோரும் அரட்டையில் கேட்பது உண்டு. சீஸ்ஃபயரில் சில நிமிடங்கள் வைத்தால் அதுவரை யாரும் யாரையும் தாக்க முடியாது. கற்றுக்கொள்பவர்களுக்கு 10 நிமிடம் நல்ல இடைவெளி.

ரேட்டிங் ஆட்டம் என்பது இருவர் ஆட்டத்துக்கு மட்டுமே, லாபி வழியாகத் திறந்த அறையில் மட்டுமே. கணக்கு 1200இல் தொடங்கும். ஆட்டம் முடிந்ததும் லாபி அரட்டையில் யார் வென்றார், யாருக்கு எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற அறிவிப்பு வரும். தோல்வி உறுதியானால் சரணடைந்துவிட்டு வெளியேறுங்கள். இணைப்பை மட்டும் அறுத்துக்கொண்டு போவது எதிரில் ஆடியவரின் உழைப்பை இழுபறியில் விடும். விளையாட்டுக்காக ஓர் அறை திறந்து, ரேட்டிங் இயங்குகிறது என்பதைக் கவனிக்காமல் புதியவரை எதிர்த்து ஆடிவிடாதீர்கள்.

குழுப் பிரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ரேட்டிங் எண்களைக் கூட்டி இரு பக்கமும் சமமாக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. அந்த எண் இருவர் ஆட்டங்களில் இருந்து வந்தது. ரேட்டிங் ஆட்டமே ஆடாமல் வருடக்கணக்கில் குழு ஆட்டம் மட்டும் ஆடுபவர்களின் திறமை அந்த எண்ணில் தெரியாது, களத்தில் எல்லோரையும் மிஞ்சுவார்கள். எண்ணைப் பாருங்கள், ஆளைத் தெரிந்தவர்களிடமும் கேளுங்கள். வலுவான இருவரை எதிரெதிர் குழுவில் போட்டுவிட்டு மீதியைப் பிரிப்பது எளிதில் சமநிலைக்கு வரும்.

ஆள் குறைந்தால் காலி இடத்தில் ‘பெட்ரா’ என்ற கணினி வீரரை உட்காரவைக்கலாம். திறன் அளவும் தேர்ந்தெடுக்கலாம். மனிதர்களின் குழு ஆட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பெட்ரா இருந்தால் அந்தப் பக்கம் அநேகமாகத் தளர்ந்துவிடும். இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள், அல்லது மூவருக்கு மூவர் என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மாற்றங்களையும் முடித்துவிட்டு, ‘இனி எதையும் மாற்ற மாட்டேன், தயார் அழுத்துங்கள்’ என்று அரட்டையில் எழுதுங்கள். எல்லோரும் தயாராகும் வரை தொடக்கப் பொத்தான் உயிர் பெறாது. ஒருவர் மட்டும் பதில் இல்லாமல் இருந்தால் இரண்டு நிமிடம் பொறுத்து அவரைப் பார்வையாளராக்கிவிட்டு இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். தொல்லை கொடுப்பவரை அகற்ற, அரட்டைப் பெட்டியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் கிக் என்று தட்டி இடைவெளி விட்டுப் பெயரை எழுதினால் போதும். திரும்ப வராமல் தடுக்க அதே முறையில் பேன் (ban) என்று தட்டுங்கள்.

லாபி இல்லாமல் நேராக

ஒரே வீட்டில், ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு லாபி தேவையே இல்லை. ஒருவர் மல்டிபிளேயர் மெனுவில் இருந்து நேராக ஹோஸ்ட் கேம் அழுத்தட்டும். மற்றவர் ஜாய்ன் கேம் அழுத்தி, ஹோஸ்டின் உள் முகவரியையும் போர்ட் 20595ஐயும் கொடுக்கட்டும். உள் முகவரி பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் தெரியும். கெஸ்ட் வைஃபையில் இருப்பவரால் சேர முடியாது, அது கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பிரித்து வைப்பதற்காகவே இருக்கிறது. லாபி வழியாகத் திறந்த அறைக்குள் இப்படி நேர் முகவரியில் நுழையப் பார்க்காதீர்கள். அந்த அறை லாபியில் இருந்து வருபவரைத்தான் எதிர்பார்க்கும்.

தொலைவில் இருக்கும் நண்பர்கள், யாருக்கும் போர்ட் திறக்க முடியவில்லை என்றால், டெயில்ஸ்கேல் அல்லது ஸீரோடியர் போன்ற விபிஎன் கருவியை எல்லோரும் நிறுவி ஒரே நெட்வொர்க்கில் சேருங்கள். ஹோஸ்டுக்கு அந்தக் கருவி தரும் முகவரியை ஜாய்ன் கேம் பெட்டியில் கொடுத்தால் ஒரே வீட்டில் இருப்பது போலவே இணையும்.

ஆட்டத்தின் நடுவே

இழுவை தொடங்கினால் முதலில் அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே சீராக மெதுவாகி, பெரிய சண்டையின்போது மோசமானால் ஒரு கணினி திணறுகிறது. திடீரென்று உறைந்து, சில நொடி கழித்து ஓடி, மறுபடி உறைந்தால் யாரோ ஒருவரின் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. திரையில் யாருடைய இணைப்பு மோசம் என்று பெயரோடு எச்சரிக்கை வரும். அந்த வீரர் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறினாலே பாதி நேரம் சரியாகிவிடும். பின்னணியில் ஓடும் பதிவிறக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். திணறும் கணினிக்கு நிழல், தண்ணீரின் தரம், ஆன்டி அலையாசிங் மூன்றையும் அணைப்பது கொஞ்சம் உதவும். ஆனால் சுமை படைகளின் கணக்கில் இருந்தால் படத்தின் தரத்தைக் குறைத்து ஓரளவுக்கு மேல் பயனில்லை.

பார்வையாளர்களும் இழுவைக்குக் காரணமாகலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒருவர் பார்க்க வந்தால் முழுப் போர்க்களத்தின் நிலையும் அவருக்கு அனுப்பப்பட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தடுமாற்றம் வரும். ஆப்ஷன்ஸில் தாமதமாக வரும் பார்வையாளர்களை எல்லோருக்கும் அனுமதிப்பதா, நண்பர் பட்டியலுக்கு மட்டுமா, யாருக்குமே இல்லையா என்று வைக்கலாம். எண்ணிக்கை வரம்பும் உண்டு. முக்கியமான போட்டி என்றால் யாருக்குமே வேண்டாம். பார்வையாளருக்கு இரு பக்கமும் தெரியும், விளையாட்டுக்குள் குரல் வசதி இல்லாததால் வெளியே தனி அழைப்பில் பேசிக்கொண்டு ஆடுபவர்களும் உண்டு. ரகசியம் கசிய ஒரே ஒரு வாய் போதும்.

உங்கள் இணைப்பு அறுந்துவிட்டால் பதற வேண்டாம். அதே பெயரோடு லாபிக்குப் போய் அதே அறையில் மறுபடி சேர்ந்தால் உங்கள் இடத்திலேயே உட்காரலாம். இடையில் உங்கள் மக்கள் கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், புதுக் கட்டளை மட்டும் கிடைத்திருக்காது. போரின் நிலையைப் பெற்றுக்கொண்டு, தவறவிட்டதை வேகமாக ஓட்டி மற்றவர்களைப் பிடிக்க உங்கள் கணினிக்குச் சிறிது நேரம் ஆகும். குழுவினர் அதுவரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கட்டும். நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும், யார் நிறுத்தினார் என்ற பெயரும் தெரியும். காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம்.

‘அவுட் ஆஃப் சிங்க்’ என்ற செய்தி வந்தால் அது வேறு வகைச் சிக்கல். இரு கணினிகளின் கணக்கு பிரிந்துவிட்டது. உங்கள் திரையில் நிற்கும் கோட்டை அவர் திரையில் இடிந்திருக்கலாம். ஆட்டம் ஓடுவது போலத் தெரிந்தாலும் இனி நீங்கள் ஆடுவது ஒரே போர் அல்ல. பிரிந்தவர் மட்டும் வெளியேறி மறுபடி சேர்ந்து பார்க்கலாம், புதிதாகப் பெறும் நிலையோடு பொருந்திவிட வாய்ப்பு உண்டு. எப்போதும் அதே ஒருவருக்கே வந்தால் அவருடைய மோட்களை நீக்கி, விளையாட்டை மறுபடி நிறுவச் சொல்லுங்கள். மோடே இல்லாத அறையில், மாறி மாறி ஆட்களுக்கு வந்தால் அது விளையாட்டின் பிழை. உருவாக்குபவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தெரிவிக்கும்போது ‘பிரிந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. பிரிவு நேர்ந்த தருணத்தில் ஒவ்வொரு கணினியிலும் அந்த நேரத்தின் நிலை ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பிரிந்தவர், பிரியாதவர் இருவருடையதும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எந்த எண்ணில் வேறுபாடு தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியும். கூடவே அந்த ஆட்டத்தின் ரீப்ளே கோப்பும் வேண்டும். கட்டளைகள் மட்டுமே பதிவானதால் அது மிகச் சிறியது, ஆட்டத்தை முதலில் இருந்து மறுபடி ஓட்டிப் பார்க்கப் போதுமானது. ஆனால் அதே பதிப்பிலும் அதே மோட்களோடும்தான் ஓடும். அடுத்த வெளியீட்டை நிறுவிய பிறகு பழைய ரீப்ளேயைத் திறக்க முடியாது, எனவே புதுப்பிப்பதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் எடுத்து அனுப்பிவிடுங்கள்.